சட்டைப்பை வைத்த அட்டை

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். கீழே சலவைக் கடை வைத்திருந்தவர் அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அவருக்கும் அத்தை. தபால் கொண்டுவருகிறவருக்கும் அத்தை. புதிதாகக் குடிவந்தவர்கள் இவள் யாருடைய அத்தை என்று கொஞ்ச நாள் குழம்பிவிட்டு, பிறகு தாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெயரை அங்கே பரப்பியது ஒரு சின்னப் பெண். மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வாசல்வரை படியெல்லாம் எதிரொலிக்க "அத்தை, அத்தை" என்று கத்திக்கொண்டே ஏறி இறங்கியவள். அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

அந்தப் பெண் அத்தையின் தம்பி மகள். அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே அவளைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. எந்தக் கட்டடத்தில் எப்போது யார் உள்ளே மாட்டிக்கொண்டு மணியடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டு, ரெண்டு மாசம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அத்தை அப்போது ஒரு துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் வேலை செய்துகொண்டிருந்தாள். கால்சட்டை நீளம் குறைப்பது, பட்டன் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும் என்றாள். நடந்தது. பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். போனது. அதற்குள் வரன் கொண்டுவந்தவர்கள் அலுத்துப்போய் வேறு வீடுகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். அத்தைக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில்தான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடாமல் ஒரு வாய் பேசிக்கொண்டே இருக்கிறதே. அந்த வாய்க்காகவே அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

வாழ்த்து அட்டை செய்கிற பழக்கம் அந்தச் சில்வண்டால்தான் வந்தது. வகுப்பு ஆசிரியை வேறு பள்ளிக்குப் போகிறார், நாளைக்கு ஆளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கொண்டுவர வேண்டும் என்று ஒருநாள் சாயங்காலம் சாவகாசமாக வந்து சொன்னாள். வெளியே கொட்டுகிற மழை. அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். முடிந்துபோன மாதத்தின் காலண்டர் தாள் இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த துணி வெட்டல் ஒரு மூட்டை இருந்தது. ஜோடி பிரிந்த பட்டன்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பூவாக்கி, நூலைக் காம்பாக்கி ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் சில்வண்டு அதன்மேலேயே தூங்கிப்போனாள். கன்னத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு பட்டன் காலையில்தான் கழன்று வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து குப்பை என்று ஒன்று வெளியே போனதே இல்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறப்போட்டு, சமையலிலிருந்து ஓய்வு கொடுத்த பழைய மிக்ஸியில் அடித்துக் கூழாக்குவார்கள். ஜன்னலில் இருந்து கழற்றிய கொசுவலையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதைக்கொண்டு கூழை அள்ளித் தண்ணீரை வடியவிட்டு, துணிமேல் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் கனமாக, சொரசொரப்பாக, ஓரம் பிசிறிய தாள் கிடைக்கும். கூழில் வெங்காயத் தோலை நொறுக்கிப் போட்டால் தாளெல்லாம் பொன்னிறத்தில் புள்ளி விழும் என்பது சில்வண்டின் கண்டுபிடிப்பு. வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து கை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு எட்டு வயதாகும்போது தம்பி மறுமணம் செய்துகொண்டான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அதிகம் பேசாதவள், சுத்தமானவள், எதையும் எடுத்த இடத்தில் வைப்பவள். அத்தைக்கே அவளைப் பிடித்திருந்தது. பிறகு தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ரயிலில் அரை நாள் தூரம். பெண்ணை அனுப்பிவைக்கிற அன்று அத்தை அழவில்லை. துணிகளை மடித்து, பட்டன் டப்பாவையும் பெட்டியில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

ஒரே ஒரு முறைதான் போனாள். அவள் திரும்பும்போது சில்வண்டு ரயில் நிலையத்திலேயே தரையில் விழுந்து புரண்டாள். அப்புறம் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அடுத்த மாதம் அத்தை கிளம்ப இருந்தபோது தம்பி மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். பேச ஆரம்பிக்கும் முன்பே அழ ஆரம்பித்திருந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு வராம இருங்க அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா அவ என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டேங்கறா."

அவள் சண்டைக்கு வந்திருந்தால் அத்தை பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அழுதுகொண்டு நியாயமாகக் கேட்கிறவளை என்ன செய்வது. சரிம்மா என்றாள். தம்பியிடம் பேச நினைத்தாள். அவன் வேலையில் இருக்கிறான் என்று பதில் வந்தது. அவன் வேலையில் இல்லாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் பேசியிருக்கமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கொஞ்ச நாள் என்பது ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. நடுவில் யாராவது உறவினர் வீட்டு விசேஷத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் பெண் ஒரு கை உயரம் கூடியிருப்பாள், ஒரு கை தூரம் தள்ளி நிற்பாள். கடைசியாகப் பார்த்தபோது நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு, நல்லா இருக்கேன் அத்தை என்றாள். தொலைபேசியிலும் அதே மூன்று சொல்தான். சாப்பிட்டியா என்றால் ம். படிக்கிறியா என்றால் ம். வாய் மூடாதவளிடம் இந்த ம்மை வாங்கிக்கொண்டு அத்தை போனை வைப்பாள்.

அட்டைதான் மிச்சம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று. நாளாக ஆக அத்தை துணிக்கடை வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டாள். சுவர்த்தாள் கடையின் பழைய மாதிரிப் புத்தகங்கள், பெட்டிக் கடையில் கழிந்த அட்டைகள், பரிசுப்பொருள் சுற்றி வந்த ரிப்பன்கள் என்று ஊரில் பாதிப் பேர் எதையாவது கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மருத்துவமனைக்கு எதிரே இருந்த பூக்கடையிலும் ஸ்டேஷனரிக் கடையிலும் அவள் அட்டைகள் நன்றாகப் போயின. ஆனால் மிக அழகான காகிதம், மிக நல்ல பட்டன், கண்ணை எடுக்க முடியாத துணித்துண்டு எது கிடைத்தாலும் அது தனி டப்பாவுக்குப் போய்விடும். அந்த டப்பாவிலிருந்து செய்வதற்கு வருஷத்தில் ஒரே ஒரு அட்டைதான்.

முதல் இரண்டு வருஷம் வண்ணப் பென்சிலால் கிறுக்கிய பதில் வந்தது. அப்புறம் இரண்டு வரி. அப்புறம் ஒன்றுமில்லை.

அத்தைக்கு ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் புரிந்துபோனது. தம்பி மனைவி அட்டைகளைப் பெண்ணிடம் கொடுப்பதில்லை. யாரிடமும் இதைச் சொல்லவில்லை, ஆனால் மனதுக்குள் அது ஆணியடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பெண் மறந்துவிடவில்லை, மறக்கவைக்கிறார்கள். இப்படி நினைத்துக்கொண்டால் கோபம் வந்தது. கோபம் வந்தால் தூக்கம் வந்தது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷத்தைத் தாண்டினாள்.

பெண்ணுக்கு இருபது வயதான வருஷம், ஒரு காலை நேரத்தில் தம்பி மனைவி தனியாக வந்து கதவைத் தட்டினாள்.

லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் வருஷத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும் என்று சலவைக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மூன்று மாடி ஏறிய களைப்பில் பேச முடியாமல், கையில் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அத்தை முழங்கைவரை காகிதக் கூழோடு இருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. நகர்ந்து வழி விட்டாள்.

வந்தவள் நாற்காலியில் இருந்த ரிப்பன் சுருள்களை எடுத்து ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். பெண்ணை மருந்தாளுநர் படிப்பில் சேர்த்திருந்தார்கள். தனக்குத் தெரிந்த தொழில், கௌரவமான தொழில், ஓடியாடி இடம் வாங்கிக் கொடுத்ததும் இவள்தான். பாதியில் பெண் அதை விட்டுவிட்டு, கடலோர ஊர் ஒன்றில் மீன் குஞ்சு வளர்க்கிற நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதில் பேச்சு முற்றிப்போயிற்று. இவள் சொல்லக்கூடாததைச் சொன்னாள். அவளும் திருப்பிச் சொன்னாள், நீ என்ன என்னைப் பெத்தவளா என்று. அப்படியானால் போ என்று இவள் சொல்ல, போய்விட்டாள். அப்பாவிடம் மட்டும் பேசுகிறாள். இவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எட்டு மாதம் ஆகிறது.

அத்தை கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாளை அவள் எவ்வளவோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இவளுக்கும் ஒருநாள் தெரிய வேண்டும் என்று. இப்போது தெரிந்திருக்கிறது. அதில் ஒரு சந்தோஷம் கிளம்பும் என்று பார்த்தால், கிளம்பவில்லை.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் அனுப்பின கார்டெல்லாம் அவகிட்ட நீ குடுக்கல இல்ல?"

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"ஒண்ணு விடாம குடுத்தேன் அண்ணி. அலமாரி மேல ஒரு வாரம் நிக்க வெச்சுப்பா, அப்புறம் டிராயர்ல போட்டுப்பா. அத்தைக்கு ரெண்டு வரி எழுதும்மான்னு நானே சொல்வேன். நாளைக்கு எழுதறேன்னுவா. நாளைக்கும் அதையேதான் சொல்வா. குழந்தைங்கதானே."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். தேநீர் போட்டாள். இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் தெரிந்தது, தேயிலை போட மறந்திருந்தாள். தம்பி மனைவி அந்த வெறும் பாலையே குடித்தாள். அத்தை தன் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஒரு பெண் வளர்ந்தாள், வளர்கிற அவசரத்தில் பதில் எழுத மறந்தாள், அவ்வளவுதான். இதைவிட ஒளித்துவைத்திருந்தாலே தேவலை என்று இருந்தது. இனிமேல் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

"போகும்போது அதெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா" என்று தம்பி மனைவி சொன்னாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "துணிமணி பாதியை விட்டுட்டா. உங்க கார்டை ஒண்ணு விடல. என் போட்டோ ஒண்ணுகூட எடுத்துக்கல. அதான் வந்தேன். நான் போன் பண்ணா எடுக்க மாட்டா. கார்டு வந்தா பிரிப்பா. எனக்காக ஒண்ணு செஞ்சு குடுங்க."

துணிப்பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். அத்தை பழைய சாமான்களை வைத்துத்தான் செய்வாள் என்று தெரிந்து, பெண் விட்டுவிட்டுப் போனதிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு தலைமுடி ரிப்பன். ஓவியப் போட்டியில் குத்திய எண் அட்டை. பாதி தேய்ந்த அழிப்பான். பள்ளிச் சீருடையிலிருந்து கத்தரித்த ஒரு சட்டைப்பை.

அத்தை அந்தச் சட்டைப்பையைக் கையில் எடுத்தாள். அடியில் மை ஊறி நீலத் திட்டு. ஓரமெல்லாம் தையல். ஒரு தையல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ. வெள்ளை நூலில் தைத்து, அது பிரிந்து, நீல நூலில் தைத்து, அப்புறம் வெள்ளையும் நீலமும் கிடைக்காத ஏதோ அவசரத்தில் கறுப்பு நூலில் தைத்து. கோணல் மாணலாக, ஊசி பிடிக்கத் தெரியாத கை. எப்போதும் பென்சிலைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுவாள், பை கிழியும், பென்சில் தொலையும், காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்புகிற வேளையில் சட்டையைப் போட்டபடியே நிற்கவைத்துத் தைத்துவிடுவேன் என்று தம்பி மனைவி சொன்னாள். அசையாமல் நிற்கச் சொன்னால் நிற்கமாட்டாளாம்.

அசையாமல் நிற்காத பெண்ணை அத்தைக்குத் தெரியும். ஆனால் இந்தக் காலைகள் எதுவும் தெரியாது. பாவாடை தைத்து, கவுன் தைத்து, துணிக்கடை முதலாளியே பார்த்து மெச்சும்படி பட்டன் துளைக்குக் காஜா எடுத்த கை தன்னுடையது. அந்தச் சட்டையைத் தன்னிடம் கொடுத்திருந்தால் ஒரே தையலில் ஐந்து வருஷம் தாங்கியிருக்கும். ஆனால் கொடுக்கவில்லை, தான் அங்கே இல்லை, இவள் இருந்தாள். கட்டை விரலால் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. இது எனக்கு வேண்டும் என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள்.

"நான் செஞ்சா அது என் கார்டு ஆயிடும். பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவா" என்றாள். "நீ செய். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

தனக்குக் கத்தரிக்கோலே நேராகப் போகாது என்று தம்பி மனைவி தயங்கினாள். நேராகப் போக வேண்டாம் என்றாள் அத்தை.

ஜன்னல் கண்ணாடியில் நேற்றே காய்ந்துவிட்ட தாள் ஒன்றை அத்தை உரித்து எடுத்து வைத்தாள். நடுவில் மடிப்பதற்கு முன் கரண்டியின் பின்புறத்தால் கோடு அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தாள் வெடிக்கும் என்று சொன்னாள். மருந்துக்கடைக்காரி கோட்டை அழுத்தினாள். மாத்திரை எண்ணுகிற கவனத்தோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு. கோடு இருந்தும் மடிப்பு கொஞ்சம் சாய்ந்தது. அத்தையின் கை தானாக நீண்டது, அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சட்டைப்பையைப் பசையால் ஒட்டலாமா என்றதற்கு, தைத்துவிடு, உனக்குப் பழக்கம்தானே என்றாள். ஊசியில் நூல் கோத்து மட்டும் கொடுத்தாள். மூன்று பக்கமும் தைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஊசி இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. மேல்பக்கம் திறந்தபடி, அட்டையின் முகப்பில் ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைப்பை உட்கார்ந்துகொண்டது.

எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. தம்பி மனைவி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே, கடல்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது, கோபத்தில் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அத்தை வாங்கிப் படித்தாள்.

"மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு போடாததுதான் பாக்கி."

தம்பி மனைவி சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வந்து, அது நிற்காமல் வந்தது. அத்தை எழுந்து அவள் முதுகில் கை வைக்கவில்லை. அதற்கு இன்னும் மனசு முழுதாக இணங்கவில்லை. துணி வெட்டல் மூட்டையிலிருந்து ஒரு மெல்லிய துண்டைத் தேடி எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பி மனைவி பேனாவை எடுத்து அட்டையின் உள்ளே நேராகவே எழுதினாள். மருந்து டப்பாவில் எழுதுகிற சின்ன, திருத்தமான எழுத்து.

தைச்சுட்டேன். பென்சில் இனிமே விழாது.

அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. அம்மா என்று கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. அத்தையைப் பார்த்தாள். போடு என்பதுபோல அத்தை தலையசைத்தாள். போட்டாள். அத்தை மேசை டிராயரில் துழாவி ஒரு பென்சில் துண்டைக் கண்டுபிடித்து, தானே அந்தப் பையில் செருகினாள். தன் பங்குக்கு அவ்வளவு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கிளம்பும்போது தம்பி மனைவி, அத்தையும் கீழே ஒரு வரி எழுதட்டும் என்று அட்டையை நீட்டினாள். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு அவள் பிறந்தநாள் இருக்கிறது, இது உன்னுடையது என்றாள். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது. படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்கிறவரை கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

உள்ளே வந்தவளுக்கு வேலை ஓடவில்லை. ஊறப்போட்ட கூழ் தொட்டியில் கட்டிதட்டிப் போயிருந்தது. பெண் தன் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைந்தது. எடுத்துக்கொண்டு போனவள் வளர்ந்த பிறகு ஒருமுறைகூட எழுதவில்லை என்பதை நினைத்தால் அதே நெஞ்சு காலியானது. இரண்டும் மாறி மாறி வந்தன. எது பெரிது என்று முடிவு கட்ட முடியாமல் அடுத்த சில வாரங்கள் போயின. பூக்கடைக்காரி வந்து அட்டை குறைந்துவிட்டது என்று சொன்னபோதுதான் மறுபடி சட்டத்தைக் கையில் எடுத்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. தம்பி மனைவிதான். பெண் இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாளாம். மன்னிப்பு, கின்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. வந்தாள், குளித்தாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், மத்தியானம் முழுவதும் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து வந்து அடுப்படியில் நின்றுகொண்டு, பென்சில் விழவில்லை என்று மட்டும் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது தம்பி மனைவியின் குரல் சின்னப் பெண்ணின் குரல் போல இருந்தது. அத்தை நல்லதும்மா என்றாள். மனதாரச் சொன்னாள். அப்படியும் கழுத்துக்குக் கீழே எங்கோ ஓரிடம் வலித்தது.

"உங்க பேப்பர்னு கண்டுபிடிச்சிட்டா அண்ணி. வெங்காயத்தோல் இருக்கே, நீ அத்தை வீட்டுக்குப் போனியான்னு கேட்டா. ஆமான்னேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தா. அடுத்த மாசம் மறுபடி வரா. நீங்களும் வாங்க."

கொஞ்ச நாளைக்கு வராதீர்கள் என்று சொன்ன அதே குரல், அதே போன் வழியாக வாங்க என்றது. அத்தை பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பையை எடுத்து வைத்துவிட்டாள். என்ன கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை. தனி டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள். இருபது வயதுப் பெண்ணுக்குப் பட்டன் கொண்டுபோய்க் கொடுப்பதா. கடைசியில் அவளுக்கென்று ஒன்றும் எடுக்காமல், மாற்றுத்துணிப் பையோடு மட்டும் ரயிலேறினாள்.

கதவைத் திறந்தவள் அத்தையைவிட உயரமாக இருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். கைகளில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் வெடித்திருந்தது. வாங்க அத்தை என்று பையை வாங்கிக்கொண்டு, ஒரு கணம் தயங்கி, பிறகு குனிந்து தோளில் அணைத்துக்கொண்டாள். நல்ல பெண், மரியாதையான பெண். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். மீன் முட்டை கண்ணாடி மாதிரி இருக்குமாம், உள்ளே கண் இரண்டும் கறுப்புப் புள்ளியாக முதலில் தெரியுமாம். தம்பி எதிரே உட்கார்ந்து தொலைக்காட்சியில் கண்ணும் இவர்கள் பேச்சில் காதுமாக இருந்தான். அத்தை பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில், மூக்கில், சிரிக்கும்போது விழும் குழியில் எங்காவது அந்தக் குழந்தை இருக்கிறதா என்று. இவளைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஏங்கினாள். இவள் இதோ இருக்கிறாள். ஏக்கம் மட்டும் தணியவில்லை. அது இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருந்தது. அவளை எந்த ரயிலேறிப் போயும் பார்க்க முடியாது.

ரெண்டு பேரும் அட்டை செய்தது ஞாபகம் இருக்கிறதா என்று அத்தை மெல்லக் கேட்டாள்.

பெண் யோசித்தாள். பொய் சொல்ல மனமில்லாதவள் யோசிக்கிற மாதிரி.

"மிக்ஸி சத்தம் ஞாபகம் இருக்கு அத்தை. ஈரப் பேப்பர் வாசனை ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் சரியா வரல. நீங்க ஒவ்வொரு கார்டுலயும் ஏதாவது எழுதுவீங்களே, அத வெச்சுத்தான் தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "பதில் எழுத உக்காருவேன். என்ன எழுதறதுன்னு தெரியாது. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, எனக்கு இல்ல. அது ஒரு மாதிரி வெக்கமா இருக்கும். அப்ப நான் எப்படி இருந்தேன்?"

அத்தைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள். அதற்குள் பெண்ணின் போன் அடித்தது. நிலையத்திலிருந்து, தொட்டியில் தண்ணீர்ச் சூடு ஏறிவிட்டதாம். ஒரு நிமிஷம் அத்தை என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி ஆட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் போய் வெகுநேரம் ஆயிற்று.

அத்தை மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல், பெண் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்தாள்.

"நிறுத்திட்டீங்களே. நீங்க சொல்லுங்க அண்ணி, நான் கேக்கறேன். அந்த எட்டு வருஷம் எனக்கும் தெரியாது."

தம்பி தொலைக்காட்சியை அணைத்தான்.

அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, தையல் மெஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு சில்வண்டு முதன்முதலாக எழுந்து நின்ற நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். நின்றவள் விழவில்லை, நின்ற ஆச்சரியத்தில் தன் கையைத் தானே தட்டிக்கொள்ளப் போய்த்தான் விழுந்தாள். தம்பி மனைவி முழங்கையை மடியில் ஊன்றி, ஒரு சொல் விடாமல் கேட்டாள். நடுவில் அத்தை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எட்டு வயசு வரைக்கும்தான் நான். அதுக்கப்புறம் நீ சொல்லணும்" என்றாள்.